மாப்பிள்ளைக் கார் ஸ்டார்ட் ஆகக் கூடாது

மகனுக்கு உம்மாவின் ஸலாம். சுகமா, சாப்பிட்டாயா என்று கேட்டுத் தொடங்குகிற மனநிலையில் நான் இல்லை. கட்டாரில் உன் அறையில் இருக்கிற பையன் லீவில் வந்து, முந்தாநாள் நம் வீட்டு வாசலில் ஒரு பெட்டியை இறக்கிவிட்டுப் போனான். உன்னுடைய பழைய சேர்ட்டில் சுற்றி, அதற்கு மேல் டேப் ஒட்டி, மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தானாம். நானும் கலியாணத்துக்கு ஏதோ சாமான் அனுப்பியிருக்கிறாய் என்று ஆசையோடு பிரித்தால், உள்ளே எஞ்சினுக்குள் போகிற காற்றை அளக்கிற பெட்டி! ஏற்கெனவே பெற்றோல் பம்ப் வந்தது. சூடு பார்க்கிற சென்சர் இரண்டு வந்தது. ரிலே வந்தது. இப்போது இது. போதும் மகன், அல்லாஹ்வுக்காக நிறுத்து. அந்தக் காரில் ஒரு பழுதும் இல்லை. மூன்று மாதமாக அதை ஓடாமல் வைத்திருப்பது நான்தான்.

இதை வாசித்ததும் கோல் எடுக்காதே. கோல் எடுத்தால் கதைக்கிறது நீ, "ஓம் மகன், ஓம் மகன்" என்று தலையாட்டுகிறது நான். வாய்ஸ் போடலாம் என்றால் உன் வாப்பா எல்லா வாய்ஸையும் சத்தமாகப் போட்டுக் கேட்கிறார். எழுதி அனுப்பினால் மட்டும் அவர் வாசிப்பதில்லை. ஏன் வாசிப்பதில்லை என்று நீ ஒரு நாளாவது யோசித்தாயா? கார்களுக்கு நோய் கண்டுபிடிக்கிறதுதான் உனக்கு வேலை. போனில் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே "மூன்றாவது பிளக்" என்று சொல்லிவிடுவாய் என்று நம் கண்டக்குழி ஊர் முழுக்கப் பேச்சு. நானும் அதைக் கேட்டுப் பெருமைப்பட்டவள்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் பெற்ற தகப்பன் போனைக் கண்ணுக்கு ஒரு சாண் கிட்டப் பிடித்துக்கொண்டு வீடியோ கோலில் உன்னைப் பார்க்கிறார், அது உனக்குத் தெரியவில்லை. "வாப்பா, கமெராவைத் தள்ளிப் பிடிங்க, மூக்கு மட்டும்தான் தெரியுது" என்று சிரித்தாய். உன் அறைக்காரப் பையன் அடுத்த கிழமை திரும்புகிறான், அவன் கையில்தான் இதைத் தருகிறேன். கடைசி வரைக்கும் வாசி. பிறகு எவ்வளவு கோபப்பட வேண்டுமோ படு.

அந்தக் கார் உன்னைவிட வயதில் மூத்தது. சிலாபம் பக்கத்தில் இறால் பண்ணை வைத்திருந்த முதலாளி ஒருவர், இறாலுக்கு நோய் வந்து பண்ணை படுத்ததும் வெளிநாடு போய்விட்டார். அவருடைய கொட்டிலில் தென்னோலைக்குக் கீழ் கிடந்த ஜெர்மன் காரை உன் வாப்பா உப்பு லொறியில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். முப்பது வருடம் புத்தளத்து உப்பை நாடு முழுக்க ஏற்றி இறக்கிய மனிதர். டீசல் லொறியின் இஞ்செக்டரைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தே என்ன பழுதென்று சொல்லுவார். ஆனால் இந்தப் பெற்றோல் காரில் எவ்வளவு பெற்றோல் தெளிக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிற மூளைப்பெட்டி ஒன்று இருக்கிறது என்பதை அவரால் இன்றைக்கும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. "எஞ்சினுக்கு எதுக்கு புள்ள மூளை? டிரைவருக்கு இருந்தாக் காணும்" என்பார். அதற்காகக் காரைக் கைவிட்டாரா என்றால் இல்லை. லொறி ஓடுவதை நிறுத்திய பிறகு ஊரில் அவர் இன்னும் ஒரு டிரைவர் என்பதற்கு அந்தக் கார் ஒன்றுதான் மிச்சம்.

இதெல்லாம் தெரிந்தும் நீ என்ன செய்தாய்? கனமூலை ஊர்ப் பெண்ணைப் பேசி முடித்த அன்றைக்கு, இரண்டு வீட்டுச் சனமும் கூடியிருக்க, வீடியோ கோலில் வந்து பெரிய ஆள் மாதிரி ஒரு வாக்குக் கொடுத்தாய். "வாப்பா, நான் உங்கட காரிலதான் பொம்பிளை வீட்டுக்குப் போவன். நீங்கதான் ஓட்டோணும்." எல்லாரும் மாஷா அல்லாஹ் என்றார்கள். அவர் எழும்பி வெளியே போய்விட்டார், கண் கலங்கினதை மறைக்க. அன்றிலிருந்து பள்ளிவாசலில் அந்தக் கதை, கரையில் மீன் ஏலம் நடக்கிற இடத்தில் அந்தக் கதை, முடிவெட்டுகிற கடையிலும் அந்தக் கதை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டோடு போய் இருக்கிறவன். உன்னை அங்கே இறக்கிவிட்டு வெறும் காரோடு திரும்பி வருகிற பயணம் அது. அந்தப் பயணத்தை வேறொருவன் ஓட்ட அவர் விட மாட்டார் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வாக்குக் கொடுத்த மறு கிழமையே கார் தன் குணத்தைக் காட்டியது. ஒரு நாள் ஓடும், அடுத்த நாள் இருமும். கறுப்புப் புகை கக்கும். பாலாவிச் சந்தியில் நடு ரோட்டில் நின்றுவிட்டு, பத்து நிமிடம் கழித்து ஒன்றும் நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். பாலாவி கராஜ் பாஸ் வந்து பார்த்துவிட்டு, "இந்த இஞ்செக்‌ஷன் எல்லாத்தையும் கழற்றி எறிஞ்சிட்டு ஒரு கார்புரேட்டரப் போடுங்க காக்கா, நிம்மதியாப் போகலாம்" என்றான். அதைக் கேட்டு உனக்கு வந்த ரோசம் இருக்கிறதே! உன் தொழிலையே அவன் பழித்த மாதிரி, "நான் இங்க இருந்தே ஓட வைச்சுக் காட்டுறன்" என்று கிளம்பினாய். ஆனால் உன் கைக்கு யார் கை? என் கை! வாப்பா கண்ணில் பூளை, கண்ணில் தூசு, இன்றைக்கு வெயில் கூசுகிறது என்று ஏதாவது சொல்லித் தள்ளி நிற்க, பொனட்டுக்குள் குனிந்தது நான். சமையலை விட்டுவிட்டு, ஒரு கையில் போன், மறு கையில் நீ அனுப்பிய மீட்டர். "உம்மா, கீயைப் போட்டுட்டு அந்தக் காத்துப் பெட்டிக்குள்ள கைய விட்டு மூடியத் தள்ளுங்க, பின்னுக்கு பம்ப் முனகுதா?" முனகியது. "இஸ்குரு டிரைவர இஞ்செக்டர் மேல வைச்சு மற்றப் பக்கத்தக் காதுல வைங்க, டிக் டிக் கேக்குதா?" கேட்டது, பிறகு நின்றது, பிறகு கேட்டது. ஐம்பத்தெட்டு வயதில், மீன் வெட்டுகிற கையால், ஜெர்மன்காரன் செய்த காரை நான் படித்தேன். ஏன் வாப்பா செய்யவில்லை என்று நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நீ பம்பை அனுப்பினாய், மாற்றினோம். சென்சரை அனுப்பினாய், மாற்றினோம். "இது நல்ல சென்சர் இல்லை" என்று இன்னொன்று அனுப்பினாய், அதையும் மாற்றினோம். கார் இருமிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு நாள் கோபத்தில் துணியை எடுத்து எஞ்சினைத் துடைக்கத் தொடங்கினேன். துடைக்கும்போதுதான் ஒரு போல்ட்டைக் கண்டேன். எஞ்சினோடு சேர்த்து மூன்று நான்கு மெல்லிய வயர்களை இறுக்கிப் பிடித்திருந்த போல்ட். நல்ல நீல நிறம். நம் கரையில் எல்லா மீன்பிடிப் போட்டுக்கும் பூசுகிற அதே நீலம். "இதென்ன?" என்று கேட்டால் உன் வாப்பா பெருமையோடு சொல்கிறார், "உப்புக் காத்துல துருப் பிடிக்கும் எண்டு நான்தான் பூசினன். கழற்றி, உள்பக்கமும் பூசிட்டுத்தான் பூட்டினன்." யா அல்லாஹ்! போட்டுக்குப் பூசுவது மாதிரி எர்த் போல்ட்டுக்குப் பூசியிருக்கிறார். மூளைப்பெட்டியிலிருந்து கரண்ட் திரும்பிப் போகிற வழியே அதுதானே! பெயின்ட் உரிந்த இடத்தில் வயர் தொட்டால் ஓடும், தொடாவிட்டால் இருமும். மீன் செதிள் சுரண்டுகிற கத்தியை எடுத்து, போல்ட்டையும் அடியையும் வெள்ளி மாதிரி வரும்வரை சுரண்டிப் பூட்டினேன். ஒரே சாவியில் பிடித்தது. நீ போனில் சத்தம் போட்டுச் சிரித்தாய். அன்றைக்கே உன் காதைப் பிடித்துத் திருகியிருக்க வேண்டும். இரண்டு மாதமாக மீட்டரிடம் கேட்டாய், புத்தகத்திடம் கேட்டாய், கட்டாரில் உன் கூட்டாளிமாரிடம் கேட்டாய். "வாப்பா, நீங்க ஏதாச்சும் செய்தீங்களா?" என்று அவரிடம் மட்டும் கேட்கவில்லை. நாளைக்கு உன் மனைவி முகத்தைத் தூக்கி வைத்திருக்கும்போதும் நீ இப்படித்தான் பிழை தேடப் போகிறாய் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. அவளிடமே கேள், மகன். வெட்கப்படாமல் கேள்.

கார் ஓடத் தொடங்கியதும் வீட்டில் பெருநாள்தான். மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு உன் வாப்பா அத்தர் பூசிக்கொண்டு, "ஏறு புள்ள, பாலாவி வரைக்கும் போய்ட்டு வருவம்" என்றார். எனக்கும் ஆசைதான். ஏறினேன். நம் ரோட்டில் கழுதைகள் நிற்பது உனக்குத் தெரியுமே. ஒரு கழுதை நடு ரோட்டில் நின்றது. இவர் நேராகப் போகிறார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். கிட்டப் போயும் திருப்பவில்லை. "கழுத! கழுத!" என்று கத்தினேன். வெட்டித் திருப்பி நிறுத்திவிட்டு, "நிழல் எண்டு நினைச்சன்" என்றார். அந்த இடத்தில் ஒரு மரம்கூட இல்லை, நிழல் எப்படி அங்கே விழும்? வாய் திறக்காமல் வந்தேன். அது என் முதல் பிழை இல்லை என்பதையும் பின்னால் சொல்கிறேன்.

அடுத்த வியாழக்கிழமைதான் அது நடந்தது. கண்டக்குழி வளைவில் ஒரு பெண், பின்னால் சின்னப் பிள்ளையை வைத்துக்கொண்டு சைக்கிளில் ஓரமாகத்தான் வந்தாள். இவர் ஓரத்துக்கே போனார். நான் கத்தினேன், ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தேன். சைக்கிளோடு அவள் மணலில் விழுந்தாள். பின் கண்ணாடி வழியே திரும்பிப் பார்க்கிறேன், அவள் எழும்பிப் பிள்ளையைத் தூக்கி மண்ணைத் தட்டுகிறாள். பிள்ளை அழுகிறது. அல்ஹம்துலில்லாஹ், அழுகிற பிள்ளை உயிரோடு இருக்கிற பிள்ளை. உன் வாப்பா என்னிடம் கேட்டார், "நீ ஏன் புள்ள கத்தினா? ஸ்டியரிங்ல கை வைக்காத, ஆபத்து." அவருக்குத் தெரியவே இல்லை மகன். ஒரு தாயும் பிள்ளையும் அவர் பக்கத்தில் விழுந்தது அவருக்குத் தெரியவே இல்லை. நான் வீட்டுக்கு வந்து குசினிக் கதவைச் சாத்திவிட்டு நின்றேன்.

இனி என் பிழைக்கு வருகிறேன். வாப்பாவுக்குச் சீனி வருத்தம் என்பது உனக்குத் தெரியும். போன வருடம் கிளினிக்கில் கண் டொக்டரிடம் அனுப்பினார்கள். கண்ணுக்குப் பின்னால் இரத்தம் கசிந்திருக்கிறது, கொழும்புக்குப் போய் லேசர் அடிக்க வேண்டும், போன பார்வை வராது, இருக்கிறதையாவது காப்பாற்றலாம் என்று அந்த டொக்டர் எனக்கு நேரே சொன்னார். இவர் போகவில்லை. "லொறிக் கண்ணாடியில பூச்சி அடிச்ச மாதிரி ரெண்டு புள்ளி, அவ்வளவுதான்" என்றார். நானும் வற்புறுத்தவில்லை. நீ கேட்கும்போதெல்லாம் "வாப்பா நல்லா இருக்கார், நீ உன்ட வேலையப் பாரு" என்று சொன்னது நான்தான். கடல் கடந்து இருக்கிற பிள்ளைக்கு எதற்கு வீண் கவலை என்று நினைத்தேன். நீ வராத காலத்தில் உனக்கு நல்லதை மட்டும் சொல்லிச் சொல்லி, உன்னை ஒன்றும் தெரியாத பிள்ளையாக்கி வைத்துவிட்டேன். இப்போது உன்னை ஏசுகிறேன். பாதி ஏச்சு எனக்கும் சேர வேண்டியது.

அந்தச் சைக்கிள் பெண் விழுந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. உன் வாப்பா ஜும்ஆவுக்குப் போனதும் பொனட்டைத் திறந்தேன். எங்கே கை வைக்க வேண்டும் என்று நீதானே எனக்குப் படிப்பித்திருக்கிறாய்? அதே போல்ட்டைக் கழற்றினேன். கொட்டிலில் மிச்சமிருந்த அதே நீலப் பெயின்ட்டை எடுத்து, போல்ட்டுக்கு, மரைக்கு, அடிக்கு, வயர் முனைக்கு எல்லாம் பூசினேன். ஒரு கைப் பூச்சோடு விடவில்லை, வெயிலில் காய விட்டுக் காய விட்டு மூன்று கை. அவர் சாப்பிட்டுத் தூங்குகிற நேரத்தில் திரும்பப் பூட்டினேன். அன்றைக்கு மாலை அவர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது, பம்ப் முனகியது, பிடிக்கவில்லை. "மகனுக்குக் கோல் போடு புள்ள" என்றார். நீ கிளம்பிவிட்டாய் மறுபடியும். ரிலேயாக இருக்கும் என்றாய், அனுப்பினாய், முகத்தில் ஒன்றும் காட்டாமல் நானே அதை மாற்றினேன். இஞ்செக்டரில் டிக் டிக் இல்லையா என்று கேட்டாய், இல்லை என்றேன், அது உண்மைதான். ஒவ்வொரு தொழுகையிலும் அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனாலும் அடுத்த நாள் எழும்பி, அந்தப் போல்ட் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பாண் வாங்கப் போனேன்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. காலையில் உன் வாப்பா காரில் ஏறி இருப்பார். சாவியை மூன்று தரம் திருப்புவார். இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு வந்து கதிரையில் இருப்பார். பொனட்டில் கை வைக்க மாட்டார். கண் தெரியாவிட்டாலும் கையால் தடவியே எஞ்சின் பிரிக்கிறவர். போன தரம் எங்கே பிழை இருந்தது என்று தெரிந்தவர். முதலில் அந்தப் போல்ட்டைத்தானே பார்க்க வேண்டும்? முந்தாநாள் மாலை, பெட்டி வந்த பிறகு நீ கோல் எடுத்தாய். மூன்று மாதத்தில் முதல் தடவையாக, அல்லாஹ் உனக்குப் புத்தியைக் கொடுத்து, "வாப்பா, அந்த நீலப் பெயின்ட் போல்ட்ட ஒருக்காப் பார்த்தீங்களா?" என்று கேட்டாய். அவர் சொன்னார், "பார்த்தன் மகன். போன கிழமையும் கழற்றிப் பார்த்தன். கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கு. நீ வேற எடத்தப் பாரு." உன் வாப்பா எனக்குத் தெரிந்து உனக்குச் சொன்ன முதல் பொய் அது.

நேற்றுக் காலை அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு முன்னால் போய் நின்றேன். "இஞ்ச பாருங்க, நீங்க அந்தப் போல்ட்டப் பார்க்கல்ல" என்றேன். "பார்த்தன்" என்றார். "பார்த்திருந்தா அது நீலமா இருந்திருக்கும்" என்றேன். சீனி போடாத தேத்தண்ணியை எதற்குக் கரண்டியால் கலக்குகிறார் என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. கலக்கிக்கொண்டே சொன்னார், "நீ மூணு கை பூசியிருக்கா. ஒரு கையே காணும் புள்ள." மூன்று மாதம் கள்ளி மாதிரி அந்தக் கொட்டிலுக்குள் போய் வந்திருக்கிறேன், இவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது! வாயில் வந்ததையெல்லாம் ஏசினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார். "அண்டைக்கு நீ ஏன் கத்தினா எண்டு எனக்கு விளங்கல்ல. அடுத்த நாள் ஜும்ஆவுக்குப் போனப்ப என்ட தம்பிதான் சொன்னான், ஒரு பொம்பிளையும் புள்ளையும் விழுந்த எண்டு. அவனுக்கு எந்தக் கார் எண்டு தெரியா. எனக்குத் தெரிஞ்சிச்சு. அண்டைக்கே பொனட்டத் திறந்தன், நானே எதையாச்சும் கழற்றிப் போடுவம் எண்டு. தடவிப் பார்த்தா, நீ எனக்கு முன்னுக்கே வந்திட்டுப் போயிருக்கா. பெயின்ட் இன்னும் விரல்ல ஒட்டிச்சு."

"அப்ப மகனுக்கு ஏன் பொய் சொன்னீங்க? அவன் பாவம், அங்க இருந்து சாமான் அனுப்புறான்" என்று கேட்டேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு, "கார் பழுது எண்டா சனம் காரப் பத்திக் கதைக்கும். கண் போச்சு எண்டா என்னப் பார்த்து உச்சுக் கொட்டும். கைய புடிச்சி பள்ளிக்குக் கூட்டிப் போக வருவாங்க. அது வரும், வரட்டும். ஆனா மகன்ட கலியாணம் முடியட்டும் புள்ள" என்றார். எனக்கு அழுகை வந்தது, கோபமும் போகவில்லை. இந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரே காரை ஒருவருக்கொருவர் தெரியாமல் சாகடித்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சோறு தின்றிருக்கிறோம். முப்பத்திரண்டு வருடம் குடும்பம் நடத்தியவர்கள் செய்கிற வேலையா இது? நீயும் அவளும் இப்படி இருந்துவிடாதீர்கள். நான் அவரைச் சும்மா விடவில்லை. ஊருக்கு முன்னால் நான் வாயை மூட வேண்டும் என்றால் நீங்கள் கண் கிளினிக்குக்கு வர வேண்டும் என்றேன். வருகிற செவ்வாய்க்கிழமை கொழும்புக்குப் போகிறோம், பஸ்ஸில்.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கலியாணத்துக்குப் பன்னிரண்டு நாளைக்கு முன்னால் வந்து இறங்குவாய். உடுப்பு மாற்றாமலே பொனட்டைத் திறப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா? பத்து நிமிடத்தில் அந்த நீலத்தைக் கண்டுவிடுவாய். சுரண்டிப் பூட்டி, ஒரே சாவியில் ஓட வைத்து, ஹோர்ன் அடித்து, ஊரைக் கூட்டி வாப்பாவின் கையில் சாவியைக் கொடுப்பாய். அத்தனை ஆம்பிளைகள் பார்த்துக்கொண்டிருக்க அவரால் "எனக்கு ஏலா" என்று சொல்ல முடியாது மகன். உன்னை வைத்துக்கொண்டு, கூடப் பிறந்த உன் ராத்தாவின் பிள்ளைகளையும் பின்னால் ஏற்றிக்கொண்டு, கனமூலை வரைக்கும் அந்த ரோட்டில் அவர் ஓட்டுவார். சைக்கிளில் பிள்ளையோடு யாரோ ஒருத்தி அன்றைக்கும் ஓரமாக வருவாள்.

ஆகவே நீ அதை ஓட வைக்கக் கூடாது. திற. குனி. கையை அழுக்காக்கிக்கொள். மீட்டரைப் பிடித்துக்கொண்டு ஒரு பின்னேரம் முழுக்க நில். வாப்பா பக்கத்தில் கதிரை போட்டு இருப்பார், அவரோடு கதைத்துக்கொண்டு நில். பிறகு எழும்பி, "என்னால இத இப்ப ஓட வைக்க ஏலா" என்று எல்லாருக்கும் கேட்கச் சொல். அது பொய்யும் இல்லை. பாலாவி பாஸ் கட்டாயம் வந்து நிற்பான். "அண்டைக்கே கார்புரேட்டர் போடச் சொன்னனே, கட்டார் இஞ்சினியர்!" என்று பல்லைக் காட்டுவான். காட்டட்டும். நீ பதில் சொல்லாதே. உன் ரோசம் எனக்குத் தெரியும், தொண்டை வரைக்கும் வரும், விழுங்கு. உன் சாச்சாவின் வேனில் போவோம், வாப்பாவின் தம்பி தரமாட்டேன் என்றா சொல்வார்? வாப்பா உன் பக்கத்து சீட்டில் இருக்கட்டும். உன் வாழ்நாள் முழுக்க அவருடைய முதுகையும் பிடரியையும் பார்த்துக்கொண்டுதான் பின் சீட்டில் போயிருக்கிறாய். ஒரு தடவை தோளோடு தோள் இருந்து, ரோட்டில் என்னென்ன தெரிகிறது என்று அவருக்குச் சொல்லிக்கொண்டு போ.

இது நான் கேட்பது மட்டும் இல்லை. நேற்று ஏச்சு எல்லாம் ஓய்ந்த பிறகு அவர் கடைசியாகச் சொன்னது, "கராஜ்காரன் ஏலா எண்டு சொன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான். மகன் சொன்னா நம்புவாங்க. அவனுக்கு ஏலாத கார் இல்ல எண்டு எல்லாருக்கும் தெரியும்." அதைச் சொல்லும்போதும் அவர் குரலில் பெருமைதான் இருந்தது. அந்தப் பெருமையை அவருக்குக் கொடுத்தவன் நீ. ஒரு நாளைக்கு, அவருக்காக, உன்னால் முடியாமல் போகட்டும் மகன்.